"முதல்ல தூக்கிடுங்க சார்": பழைய ஜிப்ஸியும் ஒரு பட்ஜெட் கதையும்

பழைய ஜிப்ஸி ஒன்றை வாங்கிக்கொண்டு எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது இந்த வாக்கியம்தான். சேஸியில் துரு இருக்கிறதா, ஸ்டீயரிங்கில் ஆட்டம் எவ்வளவு, பிரேக் பிடிக்கிறதா என்று கேட்பதற்கு முன்னாலேயே வந்துவிடும். "முதல்ல தூக்கிடுங்க சார். அப்புறம் பாக்கலாம்."

நானும் தூக்கினேன். ஒன்றரை வருடம் கழித்து இறக்கினேன். இரண்டுக்கும் காசு கொடுத்தேன். ஆனால் இது வெறும் என் சோகக்கதை இல்லை. "குறைந்த செலவில் ஆஃப்ரோடு வண்டி" என்று ஒரு கதை வகையே இப்போது உருவாகியிருக்கிறது. வீடியோவாக, வாட்ஸப் பேச்சாக, பட்டறையில் டீ குடிக்கும்போது சொல்லும் அனுபவமாக எல்லா இடத்திலும் இருக்கிறது. சினிமாவுக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். லட்சக்கணக்கில் செலவழிக்க வைக்கிற, சில சமயம் உயிரோடு விளையாடுகிற இந்தக் கதைக்கு ஏன் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை என்று ரொம்ப நாளாக ஒரு யோசனை. அதனால் இது.

கதையின் அமைப்பு எப்போதும் ஒன்றுதான். ஹீரோ ஒரு பழைய வண்டியைக் கண்டுபிடிக்கிறார். ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி, இல்லையென்றால் யாரோ தோட்டத்தில் கோழி அடைத்து வைத்திருந்த மஹிந்திரா. விலை கேட்டால் நமக்கே ஆசை வரும். அடுத்து பட்டறை, வெல்டிங் பொறி பறக்கும். வண்டி உயரும். பெரிய டயர் வரும். இரும்பு பம்பர், மேலே நீளமாக எல்இடி லைட். கடைசிக் காட்சியில் வண்டி சேற்றில் இறங்கி, நாலு பக்கமும் சேறு வாரி இறைத்து, மேலே ஏறும். இசை. முடிந்தது.

எந்தக் கதையிலும் வண்டி வீட்டுக்குத் திரும்பி வருவதைக் காட்ட மாட்டார்கள். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும் காட்சி வராது. ஆறு மாதம் கழித்து அதே வண்டியின் கிராஸ் ஜாயின்ட் எப்படி இருக்கிறது என்ற அத்தியாயமே கிடையாது. எங்கள் துறையில் ஒரு மென்பொருளை டெமோ காட்டுவதற்கும் இரண்டு வருடம் ஓட்டிப் பராமரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கதைகள் எல்லாமே டெமோ.

சரி, என் வண்டிக்கு வருகிறேன்.

என் சித்தப்பாவுக்கு தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. வத்தலக்குண்டில் இருந்து மலை ஏறி, தார் ரோடு முடிந்த பிறகு கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் மண்ணும் கல்லுமான பாதை. மழைக்காலத்தில் நடுவில் ஓடை மாதிரி அரித்துவிடும். சித்தப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் சரியில்லை. ஆனால் தோட்டத்தை விட்டுக் கீழே வந்து இருக்க மாட்டார். அதனால் ஒரு நாலு சக்கர டிரைவ் வண்டி வேண்டும் என்று முடிவு செய்து, 2005-ஆம் வருட ஜிப்ஸி கிங் ஒன்றை வாங்கினேன். காரணம் நியாயமானது. மறைக்காமல் சொன்னால், காரணத்துக்கு அடியில் ஆசையும் இருந்தது.

ஜிப்ஸியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு நாலு வரி. சுசூகியின் ஜிம்னி குடும்பத்தில் எஸ்ஜே410 என்ற வண்டியின் நீளமான வடிவம்தான் 1985 கடைசியில் மாருதி ஜிப்ஸியாக இங்கே வந்தது. முதலில் 970 சிசி எஞ்சின். 1996-இல் 1298 சிசி எஞ்சினுடன் ஜிப்ஸி கிங். 2000-இல் எம்பிஎஃப்ஐ வந்து 80 குதிரைத்திறன் ஆனது. எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் கீழே. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், இரண்டு பக்கமும் முழு ஆக்ஸில், ஏணி மாதிரி தனி சேஸி. இருபத்தைந்து, முப்பது வருடம் ராணுவமும் போலீஸும் இதை அடித்து ஓட்டின. இந்த விலையில் இதைவிட எளிமையான, இதைவிட எடை குறைந்த மலைவண்டி இந்தியாவில் கிடைத்ததில்லை என்பது என் அபிப்பிராயம். மஹிந்திரா ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இந்த வண்டியை மலிவாகத் தூக்குவதற்கு ஒரு வழி உண்டு. கம்பெனியில் இருந்து வரும்போது லீஃப் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். அதைக் கழற்றி ஆக்ஸிலுக்கு மேலே வைத்தால் போதும். ஆக்ஸில் குழாயின் தடிமனும் ஸ்பிரிங் கட்டின் தடிமனும் சேர்ந்து சுமார் 12 சென்டிமீட்டர் பாடி மேலே போய்விடும். புது ஸ்பிரிங் வாங்க வேண்டாம். ஸ்பிரிங் உட்காருவதற்கு ஆக்ஸில் மேல் இரும்புத் துண்டை வெல்டு செய்து, யு போல்ட்டைத் திருப்பிப் போட்டு, பிரேக் ஹோஸை நீளமாக்கினால் வேலை முடிந்தது. பட்ஜெட் கதையின் கதாநாயகனே இந்த வேலைதான். ஒரே நாளில் வண்டியின் தோற்றம் மாறிவிடும். பார்ப்பவர் திரும்பிப் பார்ப்பார். நானும் பட்டறை வாசலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

என் செலவு இது. தூக்கியதற்கு எல்லாம் சேர்த்து 34,000. 31 இன்ச் டயர் ஐந்து, ஒன்று 11,500 வீதம் 57,500. இரும்பு பம்பர் 16,000. லைட் 4,500. மொத்தம் 1,12,000 ரூபாய்.

இப்போது அந்த 12 சென்டிமீட்டரைப் பிரித்துப் பார்ப்போம். கதை சறுக்குவது இங்கேதான்.

பாதையில் நிற்கும் கல் வண்டியின் எந்த இடத்தில் இடிக்கும்? பெரும்பாலும் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியலில். ஆக்ஸில் நிற்பது டயர் மேல். ஸ்பிரிங்கை எங்கே வைத்தாலும், பாடியை ஒரு அடி தூக்கினாலும், டிஃபரென்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயரின் விட்டம் மட்டும்தான். கம்பெனி டயர் 205/70 ஆர்15, விட்டம் 668 மில்லிமீட்டர். 31 இன்ச் டயர் என்றால் 787. வித்தியாசம் 119. அதில் பாதிதான் ஆக்ஸிலுக்குக் கிடைக்கும், அதாவது 6 சென்டிமீட்டர். 34,000 ரூபாய் கொடுத்துத் தூக்கியதால் டிஃபரென்ஷியலுக்குக் கிடைத்த உயரம் பூஜ்யம். அது செய்த உதவி, பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இடம் கொடுத்ததும், வயிற்றுப் பகுதி மேட்டில் தட்டாமல் காப்பாற்றியதும். இரண்டும் உண்மையான லாபங்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "க்ளியரன்ஸ் கூடிடுச்சு" என்று எல்லோரும் சொல்லும்போது எந்த க்ளியரன்ஸ் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பெரிய டயருக்கும் விலை உண்டு. ஜிப்ஸி கிங்கில் முதல் கியர் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.268, கிரவுன் பினியன் 3.909. மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 32.4. எஞ்சின் 32 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஐடிலிங் 800 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால், கம்பெனி டயரில் வண்டி மணிக்கு 3.1 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். 31 இன்ச் டயரில் அது 3.7 ஆகிவிடும். சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் அதே கணக்கைத் திருப்பினால், தரையில் கிடைக்கும் இழுவிசை 15 சதவீதம் குறைந்திருக்கிறது. 1.3 லிட்டர் எஞ்சினில் 15 சதவீதம் பெரிய விஷயம். ஏற்றத்தில் கிளட்ச்சைப் பாதி மிதித்து ஓட்ட ஆரம்பிப்போம், கிளட்ச் பிளேட் கருகும். அதைவிட மோசம் இறக்கம். முதல் கியரில் விட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும் என்ற தைரியம் குறைகிறது. கால் பிரேக்குக்குப் போகிறது. அந்த பிரேக்கோ சின்ன டயருக்காக அமைத்தது. ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். 50 காட்டும்போது வண்டி 59-இல் போகும்.

டயரோடு போயிருந்தால்கூட சமாளித்திருப்பேன். ஸ்டீயரிங்தான் என்னைப் பயமுறுத்தியது.

ஜிப்ஸியில் ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸியில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு ராடு இறங்கி வந்து ஆக்ஸிலில் இருக்கும் சக்கரத்தைத் திருப்புகிறது. அந்த ராடு தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கும்வரை, ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடினாலும் சக்கரம் நேராக நிற்கும். பாடியைத் தூக்கினால் ராடு சரிவாகிறது. சரிவான ராடு ஒவ்வொரு குழியிலும் வட்டத்தின் வில் மாதிரி நகர்ந்து, சக்கரத்தைத் தானாகவே திருப்பும். நான் ஸ்டீயரிங்கை அசைக்கவே இல்லை, வண்டி திரும்புகிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கும் இல்லையா? அப்போதும் திரும்பும். நாலுவழிச் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் பிரேக் அடித்தபோது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் மனைவி. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பட்டறையில் கேட்டதற்கு "ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்" என்றார்கள். பழகவும் செய்தது. அதுதான் இன்னும் ஆபத்து.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ராடின் கோணத்தைச் சரிசெய்ய வேறு ஸ்டீயரிங் ஆர்ம் போட வேண்டும். பின்பக்கம் ஆக்ஸிலைச் சரியான கோணத்தில் சாய்த்து வெல்டு செய்யாவிட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் போகும். ஸ்பிரிங் மேலே போனதால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஆக்ஸிலே முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்கை எஸ் வடிவத்தில் வளைக்கும், அதைத் தடுக்க ஒரு கம்பி கொடுக்க வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையைப் பார்த்திருக்கிறேன், கைகூப்பலாம். ஆனால் அதையெல்லாம் செய்தால் அது பட்ஜெட் வேலை இல்லை. "34,000 ரூபாயில் தூக்கினேன்" என்பது முடிந்த வேலையின் விலை அல்ல. பாதியில் நின்ற வேலையின் விலை. இந்தக் கதை வகையின் மேல் எனக்குள்ள முக்கியமான குற்றச்சாட்டு இதுதான்.

இனி அந்த நாள். அக்டோபர் கடைசி, இரண்டு நாள் மழைக்குப் பிறகு. சித்தப்பாவைக் கீழே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஏறும்போதே பிரச்சினை. தூக்கிய வண்டியில் முன் சீட்டுக்கு அவரால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. முழங்கால் மடங்கவில்லை. கடைசியில் பின்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு, நானும் தோட்டத்து ஆளும் கை கொடுத்து, பக்கவாட்டு பெஞ்சில் உட்கார வைத்தோம். யாருக்காக வண்டி வாங்கினேனோ அவரால் அதில் ஏற முடியவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பாதி வழியில் பாதை ஒரு பக்கமாக அரித்துப்போயிருந்தது. வலது சக்கரங்கள் மேட்டில், இடது சக்கரங்கள் பள்ளத்தில். மெதுவாகத்தான் போனேன். மேட்டில் இருந்த ஒரு கல் மேல் வலது முன்சக்கரம் ஏறிய நொடியில் வண்டி இடப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. சாய்ந்து, நின்று, ஒரு மூச்சு நேரம் யோசித்து, திரும்பி உட்கார்ந்தது. வலது பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதை இடுப்பில் உணர்ந்தேன். இடப்பக்கம் இருபது அடி கீழே மிளகுக் கொடி ஏறிய மரங்கள்.

சித்தப்பா ஒன்றும் கத்தவில்லை. "நிப்பாட்டு தம்பி. நான் நடந்தே வந்துர்றேன்" என்றார். அந்த முழங்காலோடு மீதி தூரத்தை நடந்து முடித்தார். நான் வண்டியைப் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனில் கோணம் அளக்கும் ஆப் வைத்து அந்த இடத்தின் சரிவை அளந்தேன். 24 டிகிரி. எஞ்சினியர் புத்தி, உடனே காகிதத்தில் கணக்கு. ஜிப்ஸியின் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 130 சென்டிமீட்டர் இடைவெளி. எடை மையத்தின் உயரத்தை 70 சென்டிமீட்டர் என்று ஊகித்தால், காகிதத்தில் வண்டி கவிழும் கோணம் 43 டிகிரி. தூக்கியதும் டயரும் சேர்ந்து எடை மையத்தை 15 சென்டிமீட்டர் உயர்த்தியிருந்தால் அது 37 ஆகிறது. 24-க்கும் 37-க்கும் நிறைய இடைவெளி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் காகித வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. நிஜ வண்டியில் கீழ்ப்பக்க ஸ்பிரிங்கும் டயரும் அமுங்கும், பாடி இன்னும் சாயும். பின்னால் இரண்டு பேரும் மூட்டையும் உயரமாக உட்கார்ந்திருப்பார்கள். மேல்பக்கச் சக்கரம் ஒரு அடிக் கல்லில் ஏறினால் அதுவே பத்துப் பன்னிரண்டு டிகிரி கூட்டும். 24 இப்படித்தான் எல்லையைத் தொடுகிறது.

இந்த வண்டிக் குடும்பத்துக்குக் கவிழும் பேச்சு புதிதும் இல்லை. ஜிப்ஸியின் உறவான சாமுராய்க்கு 1988-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, திடீரென்று திருப்பினால் எளிதில் கவிழ்கிறது என்று சொல்லி, ஏற்கத்தக்கதல்ல என்ற மதிப்பீட்டைக் கொடுத்தது. சுசூகி அதை ஒப்புக்கொள்ளாமல் 1996-இல் வழக்குப் போட்டது. 2004-இல் சமாதானமாக முடிந்தது. யார் சரி என்பது இன்றும் விவாதம்தான். ஆனால் கம்பெனி உயரத்திலேயே இவ்வளவு பேச்சு வந்த வண்டியின் உறவைத்தான் நான் 18 சென்டிமீட்டர் தூக்கி, அதில் ஒரு வயதானவரை உட்கார வைத்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் உருப்படியாகக் கவனிக்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் தோட்டங்களுக்கு மூட்டை ஏற்றும் ஜீப் டிரைவர் ஒருவர், இருபது வருடமாக அதே பாதைகளில் ஓட்டுகிறவர். அவருடைய மஹிந்திரா கம்பெனி உயரத்தில்தான் இருக்கிறது. லோடுக்காக ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதல், அவ்வளவுதான். ஒல்லியான டயர். வண்டிக்குள் ஒரு மண்வெட்டி, கடப்பாரை, சங்கிலி, நாலைந்து பழைய சாக்கு. மோசமான இடம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடப்பார். பார்ப்பார். இரண்டு கல்லை நகர்த்துவார். ஒரு கல்லை எடுத்துப் பள்ளத்தில் வைப்பார். பீடி ஒன்று. அப்புறம் ஏறி, லோவில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல் கடந்துவிடுவார். இதை வீடியோ எடுத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பத்து நிமிடம் ஒரு ஆள் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பது படமா?

சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலை போகும் ஜீப்களையும் போன வருடம் குனிந்து குனிந்து பார்த்தேன் (டிரைவர் சந்தேகமாகப் பார்த்தார்). விடியற்காலை இருட்டில், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, முதுகெலும்பைக் கழற்றும் பாதையில் தினமும் ஏறி இறங்குகிற வண்டிகள். நான் பார்த்தவற்றில் ஒன்றுகூட ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேல் மாற்றியது இல்லை. இந்தக் குடும்பத்தின் மூதாதையான 1941-இன் வில்லிஸ் எம்பி ஜீப்பும் 60 குதிரைத்திறன், 1,100 கிலோ, 6 இன்ச் அகல டயரோடுதான் யுத்தத்துக்குப் போனது.

நானும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எங்கே சிக்கினேன், எதனால் சிக்கினேன். இரண்டு மழைக்காலத்தில் பதினான்கு முறை. அதில் ஒன்பது முறை காரணம் வெறும் வழுக்கல், டயருக்குப் பிடிமானம் இல்லை. மூன்று முறை குறுக்கும் நெடுக்குமாக ஒரு முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமும் அந்தரத்தில் தொங்கி, அவை மட்டும் சும்மா சுற்றின. வயிறு தட்டி நின்றது இரண்டே முறை. ஒரு ஆள், ஒரு பாதை, இதை வைத்து உலகத்துக்குச் சட்டம் சொல்ல முடியாது. ஆனால் நான் அதிகம் செலவழித்தது அந்த இரண்டுக்காக.

ஒன்பதுக்கான மருந்து அநியாயத்துக்கு மலிவு. காற்றை இறக்குவது. வண்டியும் ஆட்களும் சேர்த்து 1,200 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. 26 பிஎஸ்ஐ காற்றில் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 164 சதுர சென்டிமீட்டர். 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் 284. டயரின் பக்கச்சுவர் விறைப்பையெல்லாம் விட்டுவிட்ட முரட்டுக் கணக்குதான், ஆனாலும் கிட்டத்தட்ட 1.7 மடங்கு. டயர் மென்மையாகிக் கல்லைச் சுற்றி மடங்கிப் பிடிக்கும். கீழே தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றைத் திரும்ப அடித்தே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கும்.

அந்தரத்தில் சக்கரம் தொங்கும் மூன்றுக்கு, காசில்லாத மருந்து பாதி உண்டு. சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு திருகுவிசைதான் கொடுக்கும். அந்தரத்தில் இருப்பதற்கு எதிர்ப்பே இல்லை என்பதால் அதற்கும் ஒன்றுமில்லை, தரையில் இருப்பதற்கும் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், சும்மா சுற்றும் சக்கரத்துக்கு எதிர்ப்பு வரும், மறுபக்கத்துக்கும் கொஞ்சம் விசை போகும். சில சமயம் கைகொடுக்கும். டிஃபரென்ஷியலை வெல்டு வைத்தே பூட்டிவிடுகிறவர்களும் உண்டு. பந்தய வண்டிக்குச் சரி. ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டிய வண்டிக்கு வேண்டாம், தார் ரோட்டில் திரும்பும்போது ஆக்ஸிலை முறிக்கப் பார்க்கும்.

பம்பரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் 16,000 ரூபாய் பம்பரில் சிவப்பு நிறத்தில் அழகான கொக்கி இருந்தது. முதல் தடவை டிராக்டரில் கட்டி இழுத்தபோது வெல்டிங் விட்டுக் கையோடு வந்தது. நல்லவேளை, இழுத்தது மெதுவாக. இழுவிசையில் பிய்த்துக்கொண்டு வரும் இரும்பு, துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். கொக்கி சேஸியில் போல்ட் போட்டிருக்க வேண்டும், அழகு தேவையில்லை.

சட்டத்தை இந்தக் கதைகள் தொடுவதே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க அதிகாரி முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும். பழைய வண்டி வாங்குகிற எல்லோருக்கும் அந்த நாள் வரும். எனக்கு 2020-இல் வந்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

இவ்வளவு திட்டிவிட்டேன், நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதைகள் இல்லையென்றால் எனக்கு டிஃபரென்ஷியல் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. பி.இ. படித்தவன்தான், ஆனால் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது கல்லூரி இல்லை, இவர்கள்தான். பழைய இரும்பைக் குப்பையில் போடாமல் ஓட வைக்கும் அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். லேத்துப் பட்டறையில் ஒரு தேய்ந்த பாகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லும் கைகளை இவர்கள்தான் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். என் சண்டை வேலை செய்யும் வரிசையோடுதான். கண்ணுக்குத் தெரிவது முதலில், உயிரைக் காப்பது கடைசியில், காசு மிஞ்சினால்.

இறக்கியதற்கு 19,000 ஆனது. வேறு பட்டறை. அதன் பிறகு செய்த வேலைகள் எதுவும் வெளியே தெரியாது. ஸ்டீயரிங் பாக்ஸும் டை ராடு எண்டுகளும் 9,000. நாலு சக்கரத்துக்கும் பிரேக் வேலை 11,500. உடைந்திருந்த இரண்டு ஸ்பிரிங் பட்டையும் புஷ்களும் 7,000. ஷாக் அப்ஸார்பர் நாலு, 8,800. கம்பெனி அளவிலேயே கரடுமுரடான பட்டன் உள்ள டயர் நாலு, 26,000. சேஸியில் போல்ட் போட்ட கொக்கி முன்னும் பின்னும் 2,500. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப்பும் மீட்டரும் 2,700. மொத்தம் 67,500. மண்வெட்டி வீட்டிலேயே இருந்தது.

போன மழையில் அதே பாதையில் மூன்று முறை சிக்கினேன். மூன்று முறையும் இறங்கிக் காற்றை இறக்கி, கல் வைத்து, வெளியே வந்தேன். ஒரு இடத்தில் வயிறு தட்டியது. கடப்பாரையால் நடு மேட்டைச் செதுக்க முக்கால் மணி நேரம் ஆனது, தூக்கிய வண்டியாக இருந்தால் அங்கே நின்றிருக்காது. அந்த அரிப்பு இடத்தில் மட்டும் இன்னும் நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். சித்தப்பா இறங்கி நடந்துவிட்டு, அந்தப் பக்கம் வந்து முன் சீட்டில் ஏறிக்கொள்கிறார். ஸ்டூல் வேண்டியிருக்கவில்லை.

31 இன்ச் டயர் ஐந்தும் மொட்டை மாடியில் கிடக்கின்றன. மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது என்று வீட்டில் திட்டு. போன மாதம் ஒரு பையன் விலை கேட்டு வந்தான். புதிதாக ஜிப்ஸி வாங்கியிருக்கிறானாம். ஸ்டீயரிங்கில் ஆட்டம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றான். அதைப் பார்த்துவிட்டு வா, அப்புறம் விலை பேசலாம் என்று அனுப்பினேன். இன்னும் வரவில்லை.